கண்ணில் விழுந்த துரும்பு பார்வையைப் பறிக்குமா? மதுரையில் 30 ஆண்டுகளாக நடக்கும் ஆய்வுகள் சொல்வது என்ன?

மேலூர், வாடிப்பட்டி, சோழவந்தான் பக்கம் அறுப்பு நேரத்தில் வயலுக்குப் போனால் இந்தப் பேச்சைக் கேட்கலாம். "கண்ணுல ஏதோ விழுந்துருச்சு." பக்கத்தில் நிற்பவர் சேலை முந்தானையைச் சுருட்டி, வாயால் ஊதி, கண்ணில் ஒத்தடம் கொடுப்பார். "ஒண்ணும் செய்யாது, தானா சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு இருவரும் வேலைக்குத் திரும்பிவிடுவார்கள்.

பெரும்பாலும் அது தானாகவே சரியாகிவிடும். ஆனால் சிலருக்கு இரண்டு மூன்று நாளில் கண் சிவந்து, நீர் வடிந்து, கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரியத் தொடங்கும். அடுத்த சில வாரங்களில் அந்தக் கண்ணின் பார்வையே போய்விடலாம்.

ஒரு நெல் சுணையும் ஒரு வைக்கோல் துரும்பும் இவ்வளவு பெரிய சேதத்தை எப்படிச் செய்கின்றன? இதைத் தடுக்க முடியுமா? போன பார்வையை மீட்க முடியுமா? இந்தக் கேள்விகளுக்கு உலகம் இன்று வைத்திருக்கும் பதில்களில் கணிசமானவை மதுரையிலிருந்து வந்தவை.

'கண்ணுல பூ விழுந்துருச்சு' என்றால் என்ன?

கண்ணின் முன்பக்கத்தில் கடிகாரக் கண்ணாடி போல ஒளி ஊடுருவும் ஒரு படலம் இருக்கிறது. இதைத்தான் டாக்டர்கள் கார்னியா அல்லது கருவிழிப் படலம் என்கிறார்கள். நடுப்பகுதியில் இதன் தடிமன் சுமார் அரை மில்லிமீட்டர்தான். வெளிச்சம் தடையில்லாமல் உள்ளே போக வேண்டும் என்பதால் இதில் ரத்தக் குழாய்களே கிடையாது.

அதனால் ஒரு சிக்கலும் உண்டு. உடம்பில் வேறு எங்காவது காயம் பட்டால், நோய்க்கிருமியோடு சண்டை போடும் அணுக்களை ரத்தம் உடனே கொண்டுவந்து சேர்க்கும். கருவிழியில் அந்த உதவி வந்து சேரத் தாமதமாகும். கிருமி உள்ளே புகுந்துவிட்டால் அதற்குக் கிடைக்கும் அவகாசம் அதிகம்.

கிருமி தாக்கி கருவிழியில் ஏற்படும் புண்தான் கருவிழிப் புண். மருந்தால் புண் ஆறினாலும் அந்த இடத்தில் தழும்பு நிற்கும். கையில் விழும் தழும்பால் தொந்தரவு இல்லை. கருவிழியின் நடுவே விழும் தழும்பு, ஜன்னல் கண்ணாடியில் சுண்ணாம்பு பூசியது போல வெளிச்சத்தை மறைத்துவிடும். கிராமத்தில் 'பூ விழுந்த கண்' என்று சொல்வது பெரும்பாலும் இந்தத் தழும்பைத்தான்.

இதைக் கண்புரையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. புரை என்பது கண்ணுக்குள்ளே இருக்கும் லென்ஸ் மங்குவது. வயதானவர்களுக்கு அதிகம் வரும், ஒரு ஆபரேஷனில் பார்வை திரும்பிவிடும். கருவிழிப் புண் பெரும்பாலும் உழைக்கும் வயதில் வருகிறது. அதில் போன பார்வையை மீட்பதும் அவ்வளவு எளிதல்ல.

மதுரையில் இது எவ்வளவு பேருக்கு வருகிறது?

1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி, அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு 11 படுக்கைகளோடு மதுரையில் தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. புரை ஆபரேஷனுக்காகத்தான் அது உலகப் புகழ் பெற்றது. அங்கே வெளிநோயாளிகள் வரிசையில் கருவிழிப் புண்ணோடு வரும் விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களும் தொடர்ந்து இருந்தார்கள்.

இந்த நோய் எவ்வளவு பரவலானது என்று 1990-களில் டாக்டர் எம். சீனிவாசனும், சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்களும் சேர்ந்து கணக்கெடுத்தார்கள். 1993-ல் மதுரை மாவட்டத்தில் 10,000 பேருக்கு ஆண்டுக்கு 11.3 பேர் என்ற விகிதத்தில் கருவிழிப் புண் வருவது தெரிந்தது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஒரு மாவட்டத்தில் எடுத்த கணக்கை விட இது சுமார் 10 மடங்கு. மதுரை விகிதத்தை இந்தியா முழுவதற்கும் பொருத்திப் பார்த்தால் ஆண்டுக்கு 8.4 லட்சம் பேர் என்று வந்தது.

அடுத்து, 1994 ஜனவரி முதல் மார்ச் வரையிலான மூன்றே மாதங்களில் மதுரை மருத்துவமனைக்கு வந்த 434 கருவிழிப் புண் நோயாளிகளை ஆராய்ந்தார்கள். அவர்களில் 65 சதவீதம் பேருக்குப் புண் வருவதற்கு முன்பு கண்ணில் அடிபட்டிருந்தது. பரிசோதனையில் கிருமி வளர்ந்த 297 பேரில், ஏறக்குறைய பாதிப் பேருக்கு பாக்டீரியா, இன்னொரு பாதிப் பேருக்குப் பூஞ்சை.

பூஞ்சையின் பங்கு இவ்வளவு பெரிதாக இருப்பதுதான் மதுரைக்கும் பணக்கார நாடுகளின் குளிர் பிரதேசங்களுக்கும் உள்ள முக்கியமான வித்தியாசம். அங்கெல்லாம் கருவிழிப் புண் என்றால் முதலில் கான்டாக்ட் லென்ஸையும் பாக்டீரியாவையும்தான் சந்தேகிப்பார்கள்.

பூஞ்சை கண்ணுக்குள் எப்படிப் போகிறது?

மதுரையில் அதிகம் காணப்பட்டது ஃபியூசேரியம் என்ற பூஞ்சை. அடுத்த இடம் ஆஸ்பர்ஜில்லஸ். இரண்டுமே மண்ணிலும் பயிரிலும் காய்ந்த சருகிலும் சாதாரணமாக இருப்பவை. நெல் தாள், கரும்புத் தோகை, தென்னை ஓலை, முள், மாட்டின் வால் என எது கண்ணில் பட்டாலும் அதனோடு பூஞ்சையும் வரலாம்.

கருவிழியின் மேல்தோல் நல்லபடியாக இருக்கும்வரை இவை உள்ளே நுழைவது கடினம். அந்த மேல்தோல் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அளவுதான். ஒரு கீறல் விழுந்தால் கதவு திறந்த மாதிரி. பூஞ்சை அங்கே ஒட்டிக்கொண்டு, நூல் நூலாக உள் அடுக்குகளுக்குள் இறங்கும். மேலே பார்க்கச் சின்னப் புள்ளிதான் தெரியும். அடியில் அது பரவிக்கொண்டே போகும். முற்றினால் கருவிழியே ஓட்டையாகிவிடும்.

எங்கே நேரம் வீணாகிறது?

முதல் தாமதம் வீட்டில். தாய்ப்பால் விடுவது, விளக்கெண்ணெய் விடுவது, பச்சிலைச் சாறு பிழிவது, நாக்கால் தூசியை எடுப்பது எல்லாம் இன்னும் வழக்கத்தில் உள்ளவை. நல்ல எண்ணத்தில் செய்வதுதான். ஆனால் ஏற்கெனவே கீறல் விழுந்த கண்ணில் புதிய கிருமியைக் கொண்டுபோய் விடும் ஆபத்து இவற்றில் இருக்கிறது. கருவிழிப் புண்ணோடு மதுரை மருத்துவமனைக்கு வந்தவர்களில் பலர் இப்படி நாட்டு வைத்தியம் செய்துவிட்டுத்தான் வந்தார்கள் என்பதை அங்கே நடந்த ஓர் ஆய்வு பதிவு செய்திருக்கிறது.

இரண்டாவது தாமதம் மருந்துக்கடையில். "கண்ணு செவந்திருக்கு, சொட்டு மருந்து குடுங்க" என்று கேட்டு வாங்கும் மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால் நிலைமை விபரீதமாகும். ஸ்டீராய்டு சிவப்பையும் வலியையும் குறைக்கும். நோயாளி குணமாகிவிட்டதாக நினைப்பார். உண்மையில் அது கண்ணின் எதிர்ப்புச் சக்தியைத்தான் அடக்குகிறது. பூஞ்சைக்கு அது நல்ல வாய்ப்பு.

மூன்றாவது தாமதம் கூலி. ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் சம்பளம் போகும். அறுப்பு, நடவு காலத்தில் யாரும் அதற்குத் துணிய மாட்டார்கள். கூட வருபவரின் கூலியும் சேர்ந்தே போகும்.

பாக்டீரியாவா, பூஞ்சையா என்று பார்த்தவுடன் தெரியுமா?

தெரியாது. அனுபவம் மிக்க கருவிழி நிபுணர்கள் 15 பேரிடம் புண்ணின் புகைப்படங்களைக் காட்டிக் கேட்ட ஓர் ஆய்வு 2012-ல் வெளியானது. அவர்களில் அரவிந்த் மருத்துவர்களும் இருந்தார்கள். சராசரியாக 66 சதவீதம்தான் சரியாகச் சொல்ல முடிந்தது. அதாவது மூன்றில் ஒன்று தவறு. பாக்டீரியா மருந்து பூஞ்சையைக் கொல்லாது என்பதால் இந்தத் தவறுக்கு விலை அதிகம்.

அதனால்தான் புண்ணின் ஓரத்தை லேசாகச் சுரண்டி எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிறார்கள். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் ஒரு சொட்டு விட்டால் பூஞ்சையின் நூல்கள் சில நிமிடங்களில் தெரியும். செலவு குறைவு. ஆனால் அதைச் செய்யப் பழகியவர்களும் கருவியும் வேண்டும். எல்லா ஊரிலும் அது கிடைப்பதில்லை.

இந்த இடைவெளியை நிரப்ப இப்போது கம்ப்யூட்டருக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். தென்னிந்திய நோயாளிகளின் கண் படங்களைக் கொண்டு பயிற்சி அளிக்கப்பட்ட செயற்கை நுண்ணறிவு, பூஞ்சையையும் பாக்டீரியாவையும் பிரித்துச் சொல்வதில் நிபுணர்களை விடச் சற்று மேலாகச் செயல்பட்டதாக 2022-ல் ஓர் ஆய்வு வெளியானது. இது ஆய்வு நிலையில் கிடைத்த முடிவு. சுரண்டிப் பார்க்கும் பரிசோதனைக்கு இதை மாற்றாக எடுத்துக்கொள்ள முடியாது.

பழைய மருந்தா, புதிய மருந்தா?

பூஞ்சைப் புண்ணுக்கு நெடுங்காலமாகக் கொடுக்கப்படுவது நேட்டாமைசின் சொட்டு மருந்து. 1950-களில் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதி மண்ணில் இருந்த நுண்ணுயிரில் கண்டுபிடிக்கப்பட்டதால் இந்தப் பெயர். பாலாடைக் கட்டியில் பூசணம் பிடிக்காமல் இருக்கவும் இதே பொருளைப் பயன்படுத்துகிறார்கள். கண்ணுக்குள் ஆழமாக இறங்காது என்பது இதன் குறை.

பிறகு வோரிகோனசோல் வந்தது. புதியது, கண்ணுக்குள் நன்றாக இறங்கும். பரிசோதனைக் கூடத்திலும் நல்ல பலன். அதனால் பல டாக்டர்கள் அதற்கு மாறத் தொடங்கினார்கள். எது உண்மையில் நல்லது என்று நோயாளிகளிடம் ஒப்பிட்டுப் பார்த்த பெரிய ஆய்வு இல்லை.

அந்த ஆய்வை 2010 ஏப்ரல் முதல் 2011 டிசம்பர் வரை நோயாளிகளைச் சேர்த்து மதுரை, கோவை, புதுச்சேரி அரவிந்த் மருத்துவமனைகளில் நடத்தினார்கள். டாக்டர் என். வெங்கடேஷ் பிரஜ்னா தலைமையில் இந்தியத் தரப்பும், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் புரோக்டர் ஆய்வு மையமும் சேர்ந்து செய்தன. அமெரிக்க தேசிய கண் நிறுவனம் நிதி கொடுத்தது. 368 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு நேட்டாமைசினும் இன்னொரு பிரிவுக்கு வோரிகோனசோலும் கொடுத்தார்கள்.

2013-ல் வெளியான முடிவில் ஜெயித்தது பழைய மருந்து. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, நேட்டாமைசின் போட்டவர்கள் பார்வைப் பரிசோதனைப் பலகையில் சராசரியாக ஏறக்குறைய இரண்டு வரி கூடுதலாகப் படித்தார்கள். ஃபியூசேரியம் தாக்கியவர்களில் இந்த வித்தியாசம் சுமார் நான்கு வரி. கருவிழி ஓட்டையாவதும் நேட்டாமைசின் பிரிவில் குறைவு.

பலகையில் நான்கு வரி என்பது சின்ன விஷயமில்லை. எதிரே வருபவரின் முகம் தெரிவதற்கும், யாரோ வருகிறார்கள் என்று மட்டும் தெரிவதற்கும் உள்ள வித்தியாசம் அது. 2017-ல் உலக சுகாதார அமைப்பு தன் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் நேட்டாமைசினைச் சேர்த்தது.

பலன் தராத முயற்சிகளும் உண்டு

முற்றிய புண்ணுக்குச் சொட்டு மருந்தோடு வோரிகோனசோல் மாத்திரையும் கொடுத்தால் நல்லதா என்று இந்தியாவிலும் நேபாளத்திலும் 240 பேரிடம் பார்த்தார்கள். மொத்தத்தில் கருவிழி ஓட்டையாவது குறையவில்லை. பக்க விளைவுதான் கூடியது.

ரைபோஃப்ளேவின் என்ற வைட்டமினைக் கண்ணில் விட்டு, அதன் மேல் புற ஊதா ஒளியைப் பாய்ச்சும் சிகிச்சையை 111 பேரிடம் சோதித்தார்கள். அதிலும் பயனில்லை. பார்வை சற்று மோசமாகவே முடிந்தது.

இப்படித் தோல்வியில் முடிந்த ஆய்வுகளால் என்ன லாபம் என்று கேட்கலாம். மாத்திரைக்கும் ஒளிச் சிகிச்சைக்கும் ஒரு விவசாயக் குடும்பம் வீணாகச் செலவு செய்ய வேண்டியதில்லை என்று ஆதாரத்தோடு சொல்ல முடிகிறது. அது லாபம்தான்.

புண் வராமலே தடுக்க முடியுமா?

எந்த மருந்து கொடுத்தாலும் தழும்பு மிஞ்சும் என்பதால், கீறல் விழுந்த நேரத்திலேயே பிடிப்பதுதான் புத்திசாலித்தனம். இதற்கு முதல் ஆதாரம் நேபாளத்தின் பக்தபூரில் இருந்து 2001-ல் வந்தது. கருவிழியில் கீறல் விழுந்தவர்களுக்கு குளோராம்ஃபெனிகால் என்ற மலிவான ஆன்டிபயாடிக் களிம்பைக் கிராமத்திலேயே கொடுத்தார்கள். அடிபட்ட 18 மணி நேரத்துக்குள் வந்த 284 பேரில் ஒருவருக்குக்கூடப் புண் ஆகவில்லை. 24 மணி நேரத்தைத் தாண்டி, 48 மணி நேரத்துக்குள் வந்த 49 பேரில் 14 பேருக்குப் புண் ஆகிவிட்டது.

மருந்து ஒன்றுதான். வந்த நேரம்தான் வேறு.

பக்தபூர் மலை சூழ்ந்த பள்ளத்தாக்கு. பூஞ்சை அதிகம் உள்ள மதுரைச் சமவெளியில் இது பலிக்குமா? மதுரை மாவட்டத்தில் இரண்டு பஞ்சாயத்துகளில், மொத்தம் 48,039 பேர் வாழும் பகுதியில், பயிற்சி பெற்ற கிராம சுகாதாரப் பணியாளர்களை வைத்து 18 மாதம் பார்த்தார்கள். 374 பேருக்குக் கருவிழியில் கீறல் உறுதியானது. ஒரு பிரிவுக்கு ஆன்டிபயாடிக் களிம்போடு பூஞ்சைக் கொல்லிக் களிம்பும், இன்னொரு பிரிவுக்கு ஆன்டிபயாடிக் களிம்போடு மருந்தில்லாத களிம்பும் கொடுத்தார்கள். தினம் மூன்று வேளை, மூன்று நாள். அவ்வளவுதான். சிகிச்சையை முடித்தவர்களில் இரண்டு பிரிவிலும் யாருக்கும் புண் ஆகவில்லை. இந்த முடிவு 2006-ல் வெளியானது.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. நேபாளத்தில் பிறகு இன்னும் பெரிய அளவில், கிராமங்களையே இரண்டாகப் பிரித்து ஓர் ஆய்வு நடந்தது. 2022-ல் வெளியான அதன் முடிவில், களிம்பு கொடுக்கும் பணியாளர்கள் இருந்த கிராமங்களிலும் இல்லாத கிராமங்களிலும் புண்ணின் எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புரியும். ஊரில் களிம்பும் ஆளும் இருந்தால் மட்டும் போதாது. அடிபட்டவர் அன்றைக்கே வர வேண்டும். "ஒண்ணும் செய்யாது" என்ற நினைப்பு மாறாமல் எந்தத் திட்டமும் முழுப் பலன் தராது.

போன பார்வையை மீட்க வழி உண்டா?

உண்டு, ஆனால் எல்லைகள் இருக்கின்றன. தழும்பு விழுந்த கருவிழியை எடுத்துவிட்டு, இறந்தவர் தானம் செய்த கருவிழியைப் பொருத்தலாம். ஒருவர் கண் தானம் செய்தால் இரண்டு பேருக்குப் பயன்படும். இறந்த 6 மணி நேரத்துக்குள் கண்ணை எடுக்க வேண்டும் என்பதால், கண் வங்கிக்கு உடனே தகவல் போக வேண்டும். மதுரையில் கண் வங்கி இயங்குகிறது.

ஆபரேஷனோடு வேலை முடிவதில்லை. மாதக்கணக்கில் சொட்டு மருந்து, தொடர்ந்து பரிசோதனை, உடம்பு புதிய கருவிழியை ஏற்காமல் போகும் அபாயம் எல்லாம் உண்டு. புண் ஆறாத நிலையில், கண்ணைக் காப்பாற்றுவதற்காக அவசரமாகச் செய்யும் மாற்று சிகிச்சையில் பொருத்திய கருவிழி தெளிவாக நிலைக்கும் வாய்ப்பு இன்னும் குறைவு.

பலமுறை மாற்றியும் தோற்றவர்களுக்குச் செயற்கைக் கருவிழி ஒரு வழி. அமெரிக்காவில் உருவான பாஸ்டன் வகைச் செயற்கைக் கருவிழியை, 'ஆரோ கேப்ரோ' என்ற பெயரில் குறைந்த விலையில் மதுரை ஆரோலேப் தயாரிக்கிறது. 1992-ல் புரை ஆபரேஷனுக்கான லென்ஸ் செய்யத் தொடங்கிய நிறுவனம் இது. செயற்கைக் கருவிழி பொருத்தியவர்கள் வாழ்நாள் முழுக்கக் கண்காணிப்பில் இருக்க வேண்டும்.

அப்போ, கண்ணில் ஏதாவது விழுந்தா என்ன செய்யணும்?

* கண்ணைக் கசக்கக் கூடாது. சுத்தமான தண்ணீரால் கழுவலாம்.
* குத்தி நிற்கும் துரும்பை வீட்டில் எடுக்க முயற்சிக்கக் கூடாது.
* தாய்ப்பால், எண்ணெய், பச்சிலைச் சாறு எதையும் விடக் கூடாது.
* டாக்டர் சீட்டு இல்லாமல் சொட்டு மருந்து வாங்கக் கூடாது. வீட்டில் மிச்சமிருக்கும் பழைய மருந்தும் வேண்டாம்.
* கழுவிய பிறகும் உறுத்தல், கூச்சம், நீர் வடிதல் இருந்தால் அன்றைக்கே கண் டாக்டரிடம் காட்ட வேண்டும். விடியட்டும் என்று இருக்கக் கூடாது.
* கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அது அவசரம்.
* பூஞ்சைப் புண் என்று தெரிந்தால் சிகிச்சை வாரக்கணக்கில் நீளும். தொடக்கத்தில் மணிக்கு ஒரு முறைகூட மருந்து விட வேண்டியிருக்கும். வலி குறைந்ததும் நிறுத்திவிடக் கூடாது.
* கதிர் அடிக்கும்போதும் தூற்றும்போதும் சாதாரணப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டாலே பெரும்பாலான அடிகளைத் தவிர்க்கலாம்.

வயலில் வேலை வாங்குபவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. கண்ணில் அடிபட்டவரை அன்றைக்கே அனுப்பி வைத்தால் போவது அரை நாள் வேலை. இரண்டு நாள் கழித்துப் போனால் போவது ஒரு கண்ணாக இருக்கலாம்.